தட்டிலிருந்து தொப்புள்கொடி வரை: கர்ப்ப காலத்தில் வைட்டமின் ஏ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரில் கர்ப்பிணிகளுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. மஞ்சக்குப்பம், முதுநகர் மட்டுமல்லாமல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாகூரிலிருந்தும் வருவார்கள். எந்தச் சத்து எதில் இருக்கிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். தின்றது எப்படிப் பிள்ளைக்குப் போய்ச் சேர்கிறது என்று கேட்பவர் குறைவு. வைட்டமின் ஏ விஷயத்தில் குழப்பம் முழுவதும் அந்த வழியில்தான் இருக்கிறது. பல வருடங்களாகத் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

வைட்டமின் ஏ என்றால் காரட்தானே? கண்ணுக்கு நல்லது என்பார்கள். அதற்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்?

காரட்டில் வைட்டமின் ஏ இல்லை. அதைச் செய்துகொள்வதற்கான மூலப்பொருளான பீட்டா கரோட்டின்தான் இருக்கிறது. கீரை, பரங்கிக்காய், மாம்பழம், பப்பாளி எல்லாம் இந்த வகை. பால், நெய், முட்டை மஞ்சள் கரு, ஈரல் ஆகியவற்றில் வைட்டமின் தயாராகவே இருக்கிறது. அதற்கு ரெட்டினால் என்று பெயர். இந்த இரண்டு வகையையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே பாதிப் பதில்கள் இந்த வேறுபாட்டில்தான் நிற்கின்றன.

பிள்ளைக்கு என்ன சம்பந்தம் என்றால், ரெட்டினாலிலிருந்து உண்டாகும் ரெட்டினாயிக் அமிலம் செல்லுக்குள் போய் மரபணுக்களை இயக்குகிறது, நிறுத்துகிறது. இதயம், கண், முதுகெலும்பு, நுரையீரல் எல்லாம் உருவாகும்போது அதன் அளவு சரியாக இருக்க வேண்டும். 1930-களில் அமெரிக்காவின் டெக்சாஸில் ஃப்ரெட் ஹேல் என்பவர் வைட்டமின் ஏ இல்லாத தீவனத்தில் வளர்த்த பன்றி, கண்விழியே இல்லாத குட்டிகளை ஈன்றது. தாயின் உணவுக் குறை பிள்ளையின் உறுப்பையே இல்லாமல் செய்யும் என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. அளவு மிஞ்சினாலும் உறுப்புக் கெடும். அது பின்னால் வருகிறது.

தினமும் கீரை சாப்பிடுகிறேன். அது அப்படியே ரத்தத்தில் கலந்துவிடுமா?

கலக்காது. அரிசியிலிருந்து வரும் சர்க்கரை குடல் சுவரைத் தாண்டியதும் நேராக ரத்தத்தில் ஏறும். வைட்டமின் ஏ தண்ணீரில் கரையாதது. ரத்தமோ பெரும்பகுதி தண்ணீர். அதனால் வழி நெடுக அதைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டும்.

சிறுகுடலில் முதல் ஆள் பித்தநீர். சாப்பாட்டில் இருக்கும் எண்ணெயைப் பித்த உப்புகள் நுண்ணிய துளிகளாக உடைக்கின்றன. ரெட்டினாலும் கரோட்டினும் அந்தத் துளிகளுக்குள் ஏறிக் குடல் செல்லை அடைகின்றன. செல்லுக்குள் ஒரு நொதி கரோட்டினை வெட்டுகிறது. அதிலிருந்து கிடைக்கும் ரெட்டினால் ஒரு கொழுப்பு அமிலத்தோடு இணைக்கப்பட்டு, கைலோமைக்ரான் என்ற கொழுப்பு உருண்டைக்குள் அடைக்கப்படுகிறது. அந்த உருண்டை ரத்தக்குழாயில் நுழைய முடியாத அளவு பெரியது. அதனால் நிணநீர்க் குழாயில் இறங்கி, நெஞ்சு வழியாக மேலேறி, இடது கழுத்தடியில்தான் ரத்தத்தில் கலக்கிறது. வழியில் கொழுப்பைத் தசைகளுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் கல்லீரலுக்குப் போகிறது. நல்ல ஊட்டத்தில் இருப்பவரின் உடலிலுள்ள வைட்டமின் ஏ-யில் பெரும்பங்கு அங்கே, நட்சத்திர வடிவச் செல்களில், எண்ணெய்த் துளிகளாகச் சேமிக்கப்படுகிறது.

எண்ணெய் சேர்க்காமல் வேகவைத்துச் சாப்பிடுவதுதானே நல்லது? எடை கூடுகிறது என்று டாக்டர் திட்டுகிறார்.

இதற்கு நான் பேசுவதை விட்டுவிட்டு இரண்டு கண்ணாடி டம்ளர்களைக் காட்டுவேன். ஒன்றில் துருவிய காரட்டை வேகவைத்து இறுத்த தண்ணீர். இன்னொன்றில் அதே காரட்டை வதக்கி வடித்த நல்லெண்ணெய். தண்ணீர் ஏறக்குறைய தெளிவாக இருக்கும். எண்ணெய் செம்மஞ்சளாக மாறியிருக்கும். சத்து எதில் இறங்கியது என்பதை நிறமே சொல்லிவிடும். காரட் போட்ட சாம்பாரின் மேல் மிதக்கும் எண்ணெயைப் பாருங்கள், அதே நிறம்தான்.

ஒரு வேளை உணவில் 3 முதல் 5 கிராம் கொழுப்பு போதும். அதாவது ஒரு தேக்கரண்டி. தாளிப்பிலேயே வந்துவிடும். வடையும் பஜ்ஜியும் சாப்பிட இது அனுமதிச் சீட்டு இல்லை. தமிழ்நாட்டில் மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் நெய் வந்திருந்தால், அதில் ஒரு தேக்கரண்டியைக் கீரை மசியலில் விடுங்கள். நெய்யில் ரெட்டினாலும் கொஞ்சம் உண்டு.

பச்சையாகச் சாப்பிட்டால்தான் சத்து முழுவதும் கிடைக்கும் என்கிறார்களே? முருங்கைக்கீரைப் பொடி வாங்கலாமா?

வைட்டமின் சி-க்கு அது பொருந்தும். கரோட்டின் இலையின் செல்லுக்குள் புரதத்தோடு பிணைந்து பூட்டியிருக்கிறது. நறுக்கி, வேகவைத்து, மத்தால் கடையும்போது அந்தப் பூட்டு திறக்கிறது. நம் கீரைக் கடைசல் இதற்காகவே யாரோ கண்டுபிடித்ததுபோல இருக்கும். ஆனால் மூடாமல் வெகுநேரம் கொதிக்கவிட்டால் கரோட்டின் சிதையும். பழங்களில் பூட்டு இன்னும் லேசானது. பழுத்த மாம்பழத்திலிருந்து கிடைப்பது இலையிலிருந்து கிடைப்பதைவிட எளிதாக ஏறும்.

பொடி வேண்டுமென்றால் நிழலில் உலர்த்தியதாக இருக்கட்டும். நம் ஊர் வெயிலில் மொட்டை மாடியில் காயவைத்தால் கரோட்டினில் பெரும்பங்கு போய்விடும். உழவர் சந்தையில் கட்டுக் கீரை கிடைக்கும்போது பொடிக்கு ஏன் இத்தனை விலை கொடுக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கியதில்லை.

மஞ்சளாக, சிவப்பாக இருப்பதெல்லாம் வைட்டமின் ஏ-தானா? பண்ருட்டிப் பலாப்பழம் நிறையச் சாப்பிடுகிறேன்.

இல்லை. மஞ்சள்தூள், பீட்ரூட், தர்ப்பூசணி நிறங்களெல்லாம் பெரும்பாலும் வேறு நிறமிகள். பலாச்சுளையில் கரோட்டின் உண்டு, ஆனால் மாம்பழம், பப்பாளி அளவுக்கு இல்லை. ருசிக்காகச் சாப்பிடுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள். நேர்மாறாக, கரும்பச்சையான அகத்திக்கீரையில் மஞ்சளே தெரியாது. பச்சையம் அதை மறைத்திருக்கிறது.

பப்பாளியைக் கண்ணிலேயே காட்டக்கூடாது என்கிறார் அத்தை.

அத்தையின் பயம் காய்க்கும் செங்காய்க்கும் உரியது. அவற்றின் பால் கருப்பையைச் சுருங்கச் செய்யலாம் என்பதால் தவிர்க்கிறோம். முழுக்கப் பழுத்ததில் அந்தப் பால் இல்லை. மனம் ஒப்பவில்லை என்றால் வீட்டில் சண்டை வேண்டாம், பரங்கிக்காய்க் கூட்டு வையுங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்? கணக்கு சொல்லுங்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 900 மைக்ரோகிராம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 840. வித்தியாசம் வெறும் 60. ‘இரண்டு பேருக்குச் சாப்பிடு’ என்பவர்களிடம் இந்த எண்ணைக் காட்டலாம். (அந்த நிறுவனம் 1918-ல் நம் குன்னூரில் தொடங்கியது. 1958-ல்தான் ஐதராபாத் போனது.)

ஒரு முட்டையில் சுமார் 75, ஒரு டம்ளர் கொழுப்பு எடுக்காத பாலில் 80-ஐ ஒட்டி இருக்கும். கீரையில்தான் கணக்கு சிக்கலாகும். ஒரு கிண்ணத்தில் 6,000 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆறுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அது 1,000 ஆகும். இந்தியப் பரிந்துரை கொள்ளும் விகிதம் இது. அமெரிக்கக் கணக்கு பன்னிரண்டுக்கு ஒன்று. அதன்படி 500தான். நான் கடுமையான கணக்கையே பிடிப்பேன். கீரையோடு முட்டையோ பாலோ சேர்ந்தால் எந்தக் கணக்கிலும் கவலை இல்லை.

கடையில் வாங்கும் எண்ணெய், பால் பாக்கெட்டில் கூட்டல் குறியோடு எஃப் எழுத்துள்ள நீல முத்திரை இருந்தால் வைட்டமின் ஏ-யும் டி-யும் செறிவூட்டப்பட்டவை. எண்ணெயில் கிராமுக்கு 6 முதல் 9.9 மைக்ரோகிராம், பாலில் லிட்டருக்கு 270 முதல் 450.

கல்லீரலில் சேர்ந்தாயிற்று. அங்கிருந்து பிள்ளைக்கு எப்படிப் போகிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கேட்டது ஒரு மீனவப் பெண்.

கல்லீரல் சரக்கை வெளியே விடும்போது ரெட்டினாலைத் தனியாக அனுப்பாது. ரெட்டினால் பிணைப்புப் புரதம் என்ற ஒன்றைத் தானே செய்து, அதன் மடியில் ரெட்டினாலை உட்காரவைத்து அனுப்பும். அந்தப் புரதம் மிகச் சிறியது, அப்படியே போனால் சிறுநீரகத்தில் வடிந்துவிடும். அதனால் ட்ரான்ஸ்தைரெடின் என்ற பெரிய புரதம் அதைக் கைப்பிடித்துக்கொள்கிறது. தாயின் புரதம் நஞ்சுக்கொடிவரை வரும், பிள்ளையின் ரத்தத்துக்குள் போகாது. எலிகளில் செய்த ஆய்வுகள் இதைக் காட்டின. ரெட்டினால் மட்டும் உள்ளே வாங்கப்பட்டு, பிள்ளையின் கல்லீரல் செய்த புரதத்தில் மாற்றி ஏற்றப்படுகிறது.

அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: முதுநகர்த் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல் வந்தால் கரையைத் தொடாது. கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைத் தோணியில் மாற்றித்தான் கரைக்குக் கொண்டுவர வேண்டும். தாயின் புரதம் கப்பல், பிள்ளையின் புரதம் தோணி. அவர் உடனே கேட்டார்: “அப்படியென்றால் தோணி கட்டி முடியும்வரை பிள்ளைக்குச் சரக்கு வராதா?” கெட்டிக்காரி. தொடக்க வாரங்களில் பிள்ளைக்குக் கல்லீரலே இல்லாதபோதும் சிறிதளவு ரெட்டினால் திசுக்கள் வழியாகப் போகிறது. கைலோமைக்ரான் மிச்சமும் நஞ்சுக்கொடிக்குக் கொஞ்சம் தருகிறது. சரக்கு நிறைய இறங்குவது கடைசி மூன்று மாதங்களில்.

கீரை, காரட் எல்லாம் சாப்பிடுகிறேன். பருப்பும் முட்டையும் பிடிக்காது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. மேலே சொன்ன கப்பல் புரதத்தால் கட்டப்பட்டது. புரதமும் துத்தநாகமும் போதாவிட்டால் கல்லீரலில் இருப்பு இருந்தும் வெளியே வராது. முட்டை வேண்டாமென்றால் பருப்பு, கொண்டைக்கடலை, தயிர், மீன், எதுவாகவும் இருக்கட்டும்.

மூன்று மாதமாக வாந்தி. எதுவும் தங்கவில்லை. பிள்ளைக்குக் குறையுமா?

கர்ப்பத்துக்கு முன் ஓரளவு நன்றாகச் சாப்பிட்டவர் என்றால் கல்லீரல் இருப்பு மாதக்கணக்கில் தாங்கும். வைட்டமின் ஏ-யைப் பற்றிக் கவலைப்படாமல் முதலில் தண்ணீரும் உப்பும் உள்ளே தங்கப் பாருங்கள். சிறுநீர் குறைந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

ரத்தம் குறைவு. வாரம் இரண்டு நாள் ஆட்டு ஈரல் கொடுக்கலாமா?

ஒரு மாமியார் எவர்சில்வர் டப்பாவைத் திறந்து காட்டினார். மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்த ஈரல், இன்னும் சூடு ஆறவில்லை. மருமகள் பத்து வாரம். அந்த அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஈரல் ஏன் ஈரல் என்பதை இரண்டாவது பதிலில் பார்த்தோம். ஆட்டுக்கும் அதுதான் கிடங்கு. அதன் தீவனத்தைப் பொறுத்து அளவு மாறும் என்றாலும், 100 கிராமில் 7,000 மைக்ரோகிராம் ரெட்டினால் இருப்பது சாதாரணம். கர்ப்பிணிக்கு மேல் வரம்பு நாளுக்கு 3,000.

தயார் ரெட்டினால் 70 முதல் 90 சதவீதம் உறிஞ்சப்படும். குடல் அதை மறிப்பதில்லை. 1995-ல் அமெரிக்காவில் 22,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வில், நாளுக்கு 10,000 யூனிட்டுக்கு மேல், அதாவது 3,000 மைக்ரோகிராமுக்கு மேல், மாத்திரையாக ரெட்டினால் எடுத்தவர்களின் பிள்ளைகளுக்குப் பிறவிக் குறைகள் கூடுதலாக இருந்தன. கருவுற்றதிலிருந்து, உறுப்புகள் உருவாகும் 15 முதல் 60-ஆம் நாள் வரை ஆபத்து மிகுதி. பிரிட்டனில் கர்ப்பிணிகளை ஈரல் தொடவேண்டாம் என்றே சொல்கிறார்கள். நானும் அதையே சொல்கிறேன். ஏற்கெனவே ஒருமுறை சாப்பிட்டவர் பதற வேண்டாம், வழக்கமாக்காதீர்கள்.

இரும்புதான் வேண்டுமென்றால் சுவரொட்டி கொடுங்கள் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அது மண்ணீரல். இரும்பு ஏராளம், வைட்டமின் ஏ இல்லை என்றே சொல்லலாம். நன்றாக வேகவைக்க வேண்டும். அவருக்கு மிகுந்த திருப்தி. ஈரல் டப்பாவை மகனுக்கு என்று எடுத்துப் போனார்.

மீன் எண்ணெய் மாத்திரை மூளை வளர்ச்சிக்கு நல்லது என்று பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தார்.

அட்டையைத் திருப்பிப் படியுங்கள். மீன் உடலிலிருந்து எடுத்த ஒமேகா எண்ணெய் வேறு. மீன் ஈரல் எண்ணெய் வேறு. காட் மீனோ சுறாவோ, ஈரல் எண்ணெய் என்றால் முந்தைய பதிலின் எச்சரிக்கை அப்படியே பொருந்தும். மருத்துவர் சத்து மாத்திரை ஏற்கெனவே எழுதியிருந்தால் இரண்டின் ரெட்டினாலையும் கூட்டிப் பாருங்கள்.

சுறாப்புட்டு ஈரலில் செய்வதில்லை, அதனால் வைட்டமின் ஏ பயம் இல்லை. பெரிய சுறாக்களில் பாதரசம் சேரும். அதற்காகக் கர்ப்பத்தில் அளவோடு இருங்கள்.

காரட் ஜூஸ் குடித்து உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. இதுவும் விஷமா? மஞ்சள் காமாலையா?

இரண்டும் இல்லை. உடம்பில் வைட்டமின் ஏ போதுமான அளவு இருந்தால், கரோட்டினை வெட்டும் நொதியின் உற்பத்தியைக் குடல் குறைத்துக்கொள்ளும். வெட்டப்படாத கரோட்டின் தோலில் படியும். காமாலையில் கண்ணின் வெள்ளை மஞ்சளாகும், இதில் ஆகாது. கண்ணும் மஞ்சளாக இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். இல்லையென்றால் ஜூஸைக் குறையுங்கள், சில வாரங்களில் வெளுத்துவிடும்.

இரும்பு மாத்திரை தவறாமல் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை.

காரணங்கள் பல: குடற்புழு, தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு, மாத்திரையோடு டீ குடிப்பது. வைட்டமின் ஏ குறைவும் ஒன்று. அது குறைந்தால் இரும்பு கிடங்கிலேயே தங்கி, எலும்பு மஜ்ஜைக்குப் போகாது. 1993-ல் வெளியான மேற்கு ஜாவா ஆய்வில், இரும்பு மட்டும் பெற்ற கர்ப்பிணிகளில் 68 சதவீதத்தினருக்கு ரத்தசோகை நீங்கியது. இரும்போடு வைட்டமின் ஏ-யும் பெற்றவர்களில் 97 சதவீதத்தினருக்கு நீங்கியது. அரசு கொடுக்கும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையில் வைட்டமின் ஏ கிடையாது. அதைத் தட்டில்தான் சேர்க்க வேண்டும்.

எட்டாம் மாதம். விளக்கு வைக்கும் நேரத்தில் வாசல்படி தெரியவில்லை. கர்ப்பத்தில் இப்படித்தான் இருக்குமா?

அப்படித்தான் என்று சொல்லி விடக்கூடாது. மாலைக்கண்ணாக இருக்கலாம். பிள்ளை அதிகமாக வாங்கிக்கொள்ளும் கடைசி மாதங்களில்தான் குறைந்த இருப்பு அம்பலமாகும். மங்கிய ஒளியில் பார்க்க விழித்திரைக்கு வேண்டிய நிறமி ரெட்டினாலிலிருந்து வருகிறது. மருத்துவர் பார்த்து அளவு சொல்லட்டும். உலக சுகாதார நிறுவனம் எல்லாக் கர்ப்பிணிக்கும் வைட்டமின் ஏ மாத்திரை பரிந்துரைக்கவில்லை. குறைபாடு பரவலாக உள்ள பகுதிகளில் மட்டும், நாளுக்கு 10,000 அல்லது வாரத்துக்கு 25,000 யூனிட்டைத் தாண்டாமல் தரலாம் என்கிறது.

ரத்தப் பரிசோதனை எடுத்தால் தெரிந்துவிடுமே?

ஓரளவுதான். கிடங்கு காலியாகும் தறுவாய்வரை கல்லீரல் ரத்த அளவை ஒரே மட்டத்தில் வைத்திருக்கும். போதாததற்குக் கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுவதால் எண் குறைவாகத் தெரியும். காய்ச்சல் இருந்தால் அந்தக் கப்பல் புரதமே குறையும். லிட்டருக்கு 0.70 மைக்ரோமோலுக்குக் கீழ் என்றால் குறைபாடு என்பார்கள். எண்ணோடு அறிகுறிகளையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். இனி வைட்டமின் ஏ ஏறாதா?

ஏறும். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல், பை வெறும் தொட்டி. எண்ணெயை ஒரே வேளையில் கொட்டாமல் பிரித்துச் சாப்பிடுங்கள். கவலைப்பட வேண்டியது வேறு இருவர். கடைசி மாதங்களில் உள்ளங்கை, உள்ளங்கால் அரிப்போடு பித்தநீர்த் தேக்கம் வந்தவர் ஒருவர். அவர் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மலச்சிக்கலுக்கு லிக்விட் பாரஃபின் கலந்த மருந்தை நாள்கணக்கில் குடிப்பவர் இன்னொருவர். அந்த எண்ணெய் செரிக்காது. தன்னில் கரைந்த கரோட்டினையும் ரெட்டினாலையும் வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும்.

கல்யாணத்துக்கு முன் முகப்பருவுக்கு மாத்திரை சாப்பிட்டேன். இப்போது நாள் தள்ளியிருக்கிறது.

மாத்திரையின் பெயர் ஐசோட்ரெட்டினாயினா என்று பாருங்கள். அது வைட்டமின் ஏ-யின் உறவு. பிணைப்புப் புரதம், கல்லீரல் கட்டுப்பாடு எதற்கும் உட்படாமல் நேராக மரபணுக்களின் கதவைத் தட்டும். நிறுத்தி ஒரு மாதம் கழிந்த பிறகு கரு உண்டாகியிருந்தால் பயமில்லை. அதற்குள் என்றால் இன்றே மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். ட்ரெட்டினாயின், அடபலீன் தடவு களிம்புகளையும் நிறுத்திவிடுங்கள்.

நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன். அப்படியும் குழந்தை குறைந்த வைட்டமின் ஏ இருப்போடுதான் பிறக்கும் என்கிறார்களே. ஏன்?

நஞ்சுக்கொடி அளந்துதான் கொடுக்கும். அளவு மிஞ்சினால் என்ன ஆகும் என்று பார்த்தோமே. அதனால் நல்ல ஊட்டமுள்ள தாயின் பிள்ளையும் சிறு இருப்போடுதான் பிறக்கிறது. குறைமாதக் குழந்தைக்கு இன்னும் குறைவு. மீதியைச் சீம்பால் தருகிறது. அதன் மஞ்சள் நிறமே கரோட்டின்தான். பிறகு வரும் பாலைவிட அதில் வைட்டமின் ஏ இரண்டு மூன்று மடங்கு. அதைப் பீய்ச்சி ஊற்றிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

பாலுக்குப் போகும் வழியும் வேறு. கல்லீரலிலிருந்து வருவதோடு, அன்று சாப்பிட்டது கைலோமைக்ரான் வழியாக மார்புச் சுரப்பிக்கு நேராகவும் போகிறது. பாலூட்டும் தாய்க்கு 950 மைக்ரோகிராம் என்பது இதனால்தான். ஒன்பதாம் மாதம் தட்டம்மைத் தடுப்பூசியோடு பிள்ளைக்கு 1 லட்சம் யூனிட் சொட்டு மருந்தை அரசே தருகிறது. தடுப்பூசி அட்டையில் அந்தத் தேதி எழுதியிருக்கும்.